பின்சீட்டின் இடது பக்கம்

சாவியைத் திருப்பி வெளியே உருவிவிட்டேன். இன்ஜின் நிற்கவில்லை.

கோலா கெடா படகுத்துறை. காலை எட்டரை மணி இருக்கும். மீன் பசாரிலிருந்து ஐஸ் கரைந்த தண்ணீர் சாலையோரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சாவி என் உள்ளங்கையில் இருக்கிறது. கார் பாட்டுக்கு டக டக என்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

பின்சீட்டின் வலது பக்கம் கோவிந்தன் அண்ணன். இருபது வருஷத்துக்கும் மேலாக இந்தக் காரின் மெக்கானிக். இடது பக்கம், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய ஒரு மண்பானை. அதற்குள் அவர் மனைவி அஞ்சலை அக்காவின் அஸ்தி. மெர்கோங்கில் அவர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பானையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "அவ தனியா ஒரு சீட்ல உக்காந்து வரட்டும் தம்பி" என்றார். வழி முழுக்க ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்தபடி வந்தார்.

முன்னால் வேனில் வந்த சொந்தக்காரர்கள் இறங்கி எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மீன் வாங்க வந்த கூட்டமும் திரும்பிப் பார்க்கிறது. அஸ்தி கரைக்க வந்த இடத்தில் கார் இப்படி மானத்தை வாங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அது ஓடிக்கொண்டிருக்கட்டும். அன்றைக்கு அந்தக் கார் அங்கே போயிருக்கவே கூடாது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல் டாக்டர் வைத்த பரீட்சை

போன வாரம் என் பள்ளிப் பேருந்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ஜித்ரா கோப்பிக் கடையில் இரண்டு பேர் என்னை மடக்கினார்கள். "பஸ் போதும்லா அண்ணே, அந்தப் பெரிய காடியப் பத்தி எழுதுங்க" என்றார்கள். எங்கள் ஊரில் காருக்குக் காடி என்றுதான் பெயர். கம்பெனி பெயரை மட்டும் எழுத வேண்டாம், ஓசி விளம்பரம் ஆகிவிடும் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லிவிட்டார். பரவாயில்லை. ஜெர்மன்காரன் செய்தது. பானெட் நுனியில் ஒரு வட்டத்துக்குள் மூன்று கை நட்சத்திரம் நிற்கும். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இதை எனக்கு விற்றவர் அலோர் ஸ்டாரில் இருந்த ஒரு சீனப் பல் டாக்டர். விலை பேசுவதற்கு முன்பு என்னைக் கதவைச் சாத்தச் சொன்னார். என்னுடையது வருஷக்கணக்காகப் பஸ் கதவைச் சாத்திய கை. ஓங்கி அறைந்தேன். தன் பல்லையே யாரோ பிடுங்கியதுபோல டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது.

"பெலான் பெலான்" என்று, மெதுவாக மெதுவாக என மலாயில் சொல்லிக்கொண்டே, கதவைத் திறந்து, ஒரே விரலால் தள்ளிக் காட்டினார். கதவு தானாகப் போய்த் 'தொப்' என்று உட்கார்ந்தது. மெத்தையில் தலையணை விழுகிற சத்தம். மூன்றாவது தடவைதான் நான் தேறினேன். அதற்குப் பிறகுதான் விலையே சொன்னார்.

அந்தத் 'தொப்' சத்தத்துக்காகத்தான் வாங்கினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். என் மனைவி பரமேஸ்வரி இன்னும் நம்பவில்லை.

நாற்பது வயது தாண்டிய டீசல் கார். கிரீம் நிறம். பஸ்ஸில் இருப்பதுபோலப் பெரிய ஸ்டீயரிங். சாவியைப் பாதி திருப்பினால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணையும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அணைந்த பிறகுதான் இன்ஜினை எழுப்பலாம். அவசரக்காரர்களுக்கு இந்தக் கார் சரிப்பட்டு வராது. நெடுஞ்சாலையில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் ஜித்ராவில் முடிவு செய்து அலோர் ஸ்டாரில் முந்தலாம்.

ஆனால் பின்சீட் இருக்கிறதே, அது வேறு விஷயம். ஸ்பிரிங் வைத்த அகலமான சீட். உட்கார்ந்தால் மெதுவாக உள்ளே இறங்கி, பிறகு கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுக்கும். தோட்டத்து மண் சாலையின் குண்டு குழியெல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல இருக்கும். ஓட்டுகிறவனுக்கு அந்தச் சுகம் கிடைக்காது. நானே அதில் இரண்டு மூன்று தடவைதான் உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் நிறுத்தி வைத்த காரில்.

கல்யாணக் கார்

என் பஸ்ஸில் ஏறிப் படித்த தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணம் என்றால், மணப்பெண் வருவது இந்தக் காரில்தான். காசு வாங்குவதில்லை. ரிப்பன் கட்டுவது, பானெட்டில் பூச்சரம் பின்னுவது எல்லாம் பரமேஸ்வரியின் இலாகா.

கல்யாணக் காருக்கு ஒரு சட்டம் உண்டு. போட்டது யார் என்று தெரியாது. காவல் காப்பது பரமேஸ்வரி. மணப்பெண் ஏறுகிற கார் சாவுக் காரியத்துக்குப் போகக் கூடாது. அதனால் எந்தச் சாவுக்கும் நான் மோட்டார் சைக்கிளில்தான் போவேன். சொந்த மாமனார் இறந்தபோதுகூட மழையில் நனைந்துகொண்டு மோட்டாரில் போய், சளி பிடித்து, காரியம் முடியும்வரை அழுததைவிட அதிகமாகத் தும்மினேன்.

இங்கே தர்ஷினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜித்ராவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ராஜம்மாவின் ஒரே மகள். அப்பா தவறிப் பல வருஷம் ஆகிறது. முதல் வகுப்பிலிருந்து என் பஸ்ஸில் வந்த பெண். ஒரு நாள் பஸ் பழுதாகி, பிள்ளைகளை இந்தக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். பின்சீட்டில் ஐந்து பேருக்கு நடுவில் நசுங்கிக்கொண்டே, "அங்கிள், என் கல்யாணத்துக்கு இதுலதான் வருவேன், சரியா?" என்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயசு. சரி என்றேன்.

இப்போது கூலிமில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கல்யாணம் முடிவானதும், மண்டபம் பார்ப்பதற்கு முன்பே எனக்குத்தான் போன் செய்தாள். "அங்கிள், ஞாபகம் இருக்கா?" அவ்வளவுதான் கேட்டாள்.

அந்தக் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. கோலா கெடாவில் கார் நிற்காமல் ஓடியது அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை காலை.

அஞ்சலை அக்கா

மெர்கோங்கில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கோவிந்தன் அண்ணனின் ஒர்க்‌ஷாப். என் கார் கேட்டுக்குள் நுழைந்த உடனே அஞ்சலை அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "ஏங்க, உங்க பெரியவன் வந்துட்டான்." அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

எனக்குப் பெரிய மங்கில் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர், வரும். சீனி தூக்கலாக இருக்கும். நான் அதைக் குடித்து முடிப்பதற்குள் அக்கா ஒரு ஈரத்துணியோடு வந்து, அண்ணனின் கிரீஸ் விரல்கள் பட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிடுவார். பின்சீட்டைக்கூடத் துடைப்பார். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே குனிந்து, எட்டித் துடைப்பார். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

கார் நோயோடு போகும், குணமானதும் திரும்பிவிடும். எத்தனையோ மணப்பெண்களை ஏற்றினேன். அக்காவைப் பார்த்து "ஏறுங்கக்கா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை மங் தே ஓ குடித்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா போய்விட்டார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மோட்டாரில் நானும் பரமேஸ்வரியும் போனோம். மயானத்திலிருந்து திரும்பி வந்து கிளம்பும்போது, பழக்க தோஷத்தில் "போயிட்டு வர்றேன் அண்ணே" என்று சொல்ல வாயெடுத்தேன். பரமேஸ்வரி முழங்கையில் கிள்ளினாள். சாவு வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது. போகிறவனும் சொல்லக் கூடாது, அனுப்புகிறவனும் சொல்லக் கூடாது. பேசாமல் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும்.

அவள் செருப்பைத் தேடப் போன இடைவெளியில்தான் அண்ணன் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, காரில் ஒரு பழுதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"அவ ஒரு தடவகூட இந்தக் காடியில ஏறுனதே இல்ல தம்பி."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நாளைக்கு அஸ்தி கரைக்க நான் காடி கொண்டுட்டு வர்றேன் அண்ணே" என்றேன். சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்பது, மோட்டாரை உதைத்துக் கிளப்பிப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது.

பின்னால் உட்கார்ந்திருந்த பரமேஸ்வரியிடம் சொல்லியிருக்கலாம். ராஜம்மாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. காலையில் சீக்கிரம் போய்ப் பத்து மணிக்குள் திரும்பி, காரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டேன். "டீசல் அடிச்சிட்டு வர்றேன்" என்று வீட்டில் சொன்னேன். பொய்யும் இல்லை, டீசல் அடித்தேன்.

லீவரும் ஐஸ் ஆலை முருகேசும்

படகுத்துறைக்கு வருவோம். கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"நிக்க மாட்டேங்குதா?" என்றார் அண்ணன். அன்று காலை அவர் கேட்ட முதல் கேள்வி.

இந்த இன்ஜினைச் சாவி நேராக நிறுத்துவதில்லை. கதவுகளைப் பூட்டுவது, இன்ஜினை அணைப்பது எல்லாம் காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய்களின் வேலை. ஏதாவது ஒரு கதவுக்குள் சின்ன ரப்பர் கிழிந்தால் காற்று கசியும், இன்ஜின் அடங்காது. அந்த வாரம் முழுவதும் அது தயங்கித் தயங்கித்தான் நின்றது. நான்தான் கவனிக்காததுபோல இருந்தேன்.

அண்ணன் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு இடது பக்கம் குனிந்து, பானைக்கு அப்பால் இருந்த கதவில் கையை வைத்தார். "இந்தக் கதவுதான். ரப்பர் போயிருச்சு" என்றார். பானையை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். "புடி தம்பி. கீழ வைக்காத."

வெள்ளை வேட்டியோடு, மொட்டையடித்த தலையோடு, அவர் பானெட்டைத் தூக்கினார். "இங்க பாரு. இன்ஜின் பக்கத்துல ஒரு லீவர். ஸ்டாப்புன்னு போட்டிருக்கு. இத அமுக்கு." அமுக்கினார். கார் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. "பதினாறு நாள் நான் எதையும் கழட்ட மாட்டேன். அதுவரைக்கும் இப்படியே நிறுத்திக்க." சொல்லிவிட்டு வலது கையைப் பார்த்தார். விரல் நுனியில் கிரீஸ். துடைக்க யாரும் வரவில்லை. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

படகு ஏறி, முகத்துவாரம் வரை போய், அக்காவைக் கரைத்துவிட்டு வந்தோம். பானை மிதந்து போகும் திசையைக்கூடப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொல்ல, அண்ணன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

கரைக்கு வந்தால் என் காரைச் சுற்றிக் கூட்டம். இரண்டு பேர் நாலு நம்பர் லாட்டரி எழுதுவதற்காக, சாவி இல்லாமல் ஓடிய காரின் நம்பரைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. மூன்றாவதாக நின்றவன் ஐஸ் ஆலையில் வேலை செய்யும் முருகேசு. ராஜம்மாவின் சொந்தத் தம்பி.

"அண்ணே, நாளைக்கு நம்ம வீட்டுக்கு வர்ற காடிதான இது?" என்று கேட்டான். என் கையில் ஈரத் துண்டும், பக்கத்தில் மொட்டைத் தலையோடு கோவிந்தன் அண்ணனும். முருகேசு ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

ராஜம்மா கேட்டது

ஜித்ரா வந்து சேர்வதற்குள் படம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பரமேஸ்வரி வாசலிலேயே போனும் கையுமாக நின்றாள்.

"டீசல் அடிக்க கோலா கெடா வரைக்குமா போனீங்க?" என்றாள்.

திட்டு பலமாக விழும் என்று நினைத்தேன். அவள் அக்காவுக்காகப் போனதைக் குறை சொல்லவே இல்லை. "சொல்லியிருந்தா நானும் வந்து பூப் போட்டிருப்பேன். அந்தப் புள்ளைக்கு வேற காடியாவது ஏற்பாடு பண்ணியிருக்கலாம். இப்ப ரெண்டும் கெட்டுச்சு. போய் ராஜம்மா மூஞ்சிய நேருக்கு நேர் பாத்துச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். அதனால் இன்னும் அதிகமாக வலித்தது.

குளித்துவிட்டு மோட்டாரில் தோட்டத்துக்குப் போனேன். வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். தர்ஷினி கை நிறைய மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள் என்று பார்த்ததும் தெரிந்தது. "வாங்க அங்கிள்" என்றாள். ராஜம்மா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னேன். தே ஓ, ஈரத்துணி, ஒரு தடவைகூட ஏறாதது, நான் வாய்விட்டுக் கூப்பிடாதது, மறைக்கப் பார்த்தது. "தப்பு என்னோடதும்மா. சுங்கை பட்டாணியில ஒருத்தர்கிட்ட புது காடி இருக்கு. காலையில கொண்டு வரச் சொல்றேன்" என்றேன்.

ராஜம்மா கேட்டார்: "அந்த அக்கா புருஷன் உசுரோட இருக்கும்போதுதான போனாங்க?"

"ஆமா."

"பூவும் பொட்டுமா போனாங்களா?"

"நெத்தி நெறையப் பொட்டு வச்சுத்தான் எடுத்தாங்க."

"எந்தப் பக்கம் உக்காந்து வந்தாங்க?"

"இடது பக்கம்."

சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று அழைத்து, கல்யாணத்துக்கு முன்னால் புடவையும் பூவும் வைத்துப் படைப்பது ராஜம்மா வீட்டு வழக்கம். அந்தப் படையலின் இலை இன்னும் சாமி மேடையில் இருந்தது. ராஜம்மா அந்தப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"முந்தாநாள் எங்க வீட்டுப் பூவாடைக்காரிய வா வான்னு கூப்பிட்டுத்தான் படைச்சோம். இந்த அக்காவும் அப்படிப் போனவங்கதான. அவங்க ஏறுன சீட்டு எனக்குத் தீட்டு இல்லண்ணே. எனக்குத்தான் அப்படிப் போகக் கொடுத்து வைக்கல." உடனே வேலையைச் சொல்லத் தொடங்கினார். "காடிய நல்லாக் கழுவுங்க. மஞ்சத்தண்ணி தெளிங்க. இடது பக்கம் யாரும் உக்காரக் கூடாது. மல்லிகப்பூ வச்சுக் கொண்டு வாங்க. இதெல்லாம் நேத்தே சொல்லியிருந்தா எம்புள்ள அழுதிருக்க மாட்டா."

தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய.

ஒரு சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை பரமேஸ்வரி பானெட் முழுக்கப் பூச்சரத்தை வலைபோலப் பின்னியிருந்தாள். இடது சீட்டில் ஒரு சின்னப் பித்தளைத் தட்டு, அதில் மல்லிகை, குங்குமம். தர்ஷினி வலது பக்கம் ஏறினாள். ஏறும்போது தட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். தோழிப் பெண் முன்சீட்டில் உட்கார்ந்தாள். "கதவ அறையாத, ஒரு விரலால தள்ளு" என்று தர்ஷினிதான் அவளுக்குச் சொன்னாள். ஏழு வயசில் நான் சொல்லிக் கொடுத்தது.

அலோர் ஸ்டாரில் கோயில் மண்டபத்து வாசல். நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் வந்தார்கள். தர்ஷினி இறங்கினாள். நான் சாவியைத் திருப்பி உருவினேன்.

கார் டக டக என்று ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் காட்டிய லீவர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதை அமுக்க வேண்டுமென்றால் பானெட்டைத் தூக்க வேண்டும். பானெட்டைத் தூக்கினால் பூச்சரம் பிய்ந்துவிடும். தாலி ஏறுவதற்கு முன்னால், மணப்பெண் வந்த காரின் பூவை யார் பிய்ப்பது. நான் சாவியும் கையுமாக விழித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை வீட்டார் இன்ஜினைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

ராஜம்மா அருகில் வந்தார். கார் கண்ணாடி வழியாகப் பின்சீட்டை எட்டிப் பார்த்தார்.

"விடுங்கண்ணே. அக்காவுக்கு இறங்க மனசில்ல போல. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கு. ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிட்டு வாங்க" என்றார்.

பின்சீட்டில் பூவை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. மெர்கோங் சில நிமிஷ தூரம்தான். அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால் காரை ஒதுக்கினேன். ஹாரன் அடிக்கவில்லை, அந்தச் சத்தமே போதும். கோவிந்தன் அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ரிப்பனையும் பூவையும் பார்த்ததும் கேட்டுக்கு உள்ளேயே நின்றுவிட்டார். "கல்யாணக் காடி தம்பி. நான் தொடக் கூடாது" என்றார். நான் இறங்கி இடது பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அங்கிருந்தே தட்டைப் பார்த்தார். ராஜம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் சுத்தமா இருக்கு" என்றார்.

"நிக்க மாட்டேங்குதுண்ணே."

"நிக்க வேணாம். தாலி கட்டுற நேரத்துக்குப் போய்ச் சேரு."

நான் திரும்பி வந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, கதவை ஒரு விரலால் இழுத்துச் சாத்தினேன். அண்ணன் கேட்டுக்கு உள்ளே லேசாகக் குனிந்தார், திறந்திருந்த பின் கண்ணாடியின் உயரத்துக்கு. மூன்று நாளாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை இடது சீட்டைப் பார்த்துச் சொன்னார்.

"போயிட்டு வா."

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மஞ்சள் விளக்குக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கியரைப் போட்டேன்.